மழை நனைக்காத மெழுகு

நரி செய்யும் மெழுகை மரம் மரமாகப் போய் விற்பதுதான் மைனாவின் வேலை. சிறகில் பூசினால் மழை நனைக்காதாம்.

"நிஜமாவே நனைக்காதாண்ணே?" என்று ஒருநாள் மைனா கேட்டது.

"விக்கிறது மட்டும்தான் உன் வேலை," என்றது நரி.

மனசு உறுத்தியது. ஆனாலும் குஞ்சுகளின் பசியை நினைத்து மைனா வாயை மூடிக்கொண்டது.

சேர்த்துவைத்த தானியத்தையெல்லாம் கொடுத்துச் சிட்டுக்குருவி மெழுகு வாங்கியது. முதல் மழையிலேயே அதன் இறகுகள் ஒட்டிக்கொண்டன. பறக்க முடியவில்லை.

மைனா ஓடிவந்து அழுதது. "சந்தேகம் இருந்தும் உன்கிட்ட வித்துட்டேன். என்னை மன்னிச்சிடு."

குருவி ஒட்டிய இறகுகளை அலகால் பிரிக்கப் பார்த்தது. பிறகு, "இனி என்னால இரை தேட முடியாதுக்கா. அந்த மெழுகை இங்க உட்கார்ந்தே விக்கிறேன். நரியண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லு," என்றது.

ஆள் சேர்த்துவிட்டதற்காக நரி கூடுதல் தானியம் தந்தது. மைனா தலைகுனிந்து வாங்கிக்கொண்டது.