அப்படி ஒரு பிரிண்டர் இல்லை

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை ஒன்றில் ஒரு பிரிண்டர் இருந்தது. நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் உதிரவில்லை. கம்ப்யூட்டருக்குள் குடியிருந்த டிசைன் சாஃப்ட்வேர் தினமும் காலையில், “அண்ணே, இருக்கீங்களா?” என்று கேட்கும். “இருக்கேன்டா, அனுப்பு” என்று பிரிண்டர் சொல்லும். அப்புறம் வேலை மடமடவென்று நடக்கும்.

ஒருநாள் கடைக்காரி பரிமளம் அந்த சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டு அதன் புது வெர்ஷனைப் போட்டாள். வந்ததும் வராததுமாக அது அறிவித்தது: “இங்கே பிரிண்டர் எதுவும் இல்லை.”

“யோவ், நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேனே!” என்றது பிரிண்டர்.

“எனக்கு உங்களைத் தெரியாது. புதிதாக ஒருவரை வாங்கச் சொல்லுங்கள்.”

பெஞ்சில் பெண் வீட்டார் காத்திருந்தார்கள். பரிமளம் வயரைப் பிடுங்கிச் செருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அதே பதில்தான். கடைசியில் ஆத்திரம் தாங்காமல் பிரிண்டரின் பொத்தானையே அழுத்திப் பிடித்தாள்.

பிரிண்டருக்கு அது போதும். யாருடைய தயவும் இல்லாமல், உறுமிக்கொண்டே, எல்லா நிறத்தையும் பட்டை பட்டையாகப் போட்டுத் தன் சோதனைத் தாளை அடித்து வெளியே தள்ளியது.

“இல்லாதவன் அடிச்சது. நல்லாப் பாரு!”

“பிரிண்டர் எதுவும் இல்லை” என்றது புது வெர்ஷன்.

பரிமளம் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். புது வெர்ஷனை அழித்துவிட்டுப் பழையதையே போட்டாள்.

“அண்ணே, இருக்கீங்களா?”

“இருக்கேன்டா. அனுப்பு!”