உம்மா வீட்டு வாசல்

கேகாலையில் மின்சார வாகனம் விற்கும் ஷோரூமில் கலைச்செல்விக்கு வேலை. அன்று வந்த நஜீபுக்கு ஏழு பேர் உட்காரும் பெரிய வாகனம் பிடித்துப்போனது. மனைவி ஸாஹிராவோ சின்னதை விட்டு நகரவில்லை.

"பிள்ளைகள் வளர்றாங்க, இந்தச் சின்னதுல இடம் காணுமா?" என்றார் நஜீப்.

"பெரிசு உம்மா வீட்டு ரோட்டுல வளையாது. உம்மாக்கு இப்ப நடக்க ஏலாது. வாசலுக்கே போகணும்."

"உம்மா வீடு எங்க மேடம்?" என்று கேட்டாள் கலைச்செல்வி.

"தெஹியோவிட்ட பக்கம். றப்பர் தோட்டத்துல, தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்துல."

கலைச்செல்வி திகைத்தாள். "லயத்துல முஸ்லிம் ஆளுங்க இருக்காங்களா?"

"உம்மா முஸ்லிம் இல்ல. பேரு அழகம்மா." ஸாஹிரா சிரித்தாள். "தோட்டத்தடியில எங்கட வீடு மண்சரிவுல புதைஞ்சப்ப எனக்கு ஆறு வயசு. பெத்தவங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க. வெறுங்கையால மண்ணத் தோண்டி என்னை எடுத்தது அவங்கதான். வளர்த்து, பள்ளிவாசலுக்கு ஓத அனுப்பி, என்ட நிக்காஹ்வையும் முன்னால நின்னு நடத்தினாங்க."

நஜீப் பெரிய வாகனத்தின் கதவை மெல்லச் சாத்தினார். "சின்னதையே தாங்க தங்கச்சி. மாமி முன் சீட்டுல இருக்கட்டும்."

இளக்காரமாய்ப் பார்ப்பார்களே என்று ஷோரூமில் யாரிடமும் சொல்லாத ஒன்றைக் கலைச்செல்வி அன்று வாய்விட்டுச் சொன்னாள்.

"நானும் லயத்துப் பிள்ளதான் மேடம்."