ஆறடிப் பக்கம்

கற்பிட்டியில் எங்கள் வீட்டுப் பின்வளவில் மர்ஸூக் நானா கட்டித்தந்த நீச்சல் தடாகத்தில், ஆறடிப் பக்கத்தில் இறங்கினாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் வரவில்லை. லைசன்ஸ் வைத்திருக்கும் கொந்தராத்துக்காரர் இப்படியா கட்டுவது? வரவழைத்து நன்றாக ஏசினேன்.

அவர் அளவுக் கம்பை இறக்கினார். ஆறடிக் கோடு வரை மூழ்கியது.

"பாருங்க தங்கச்சி, அளவு சரிதானே."

"அப்ப நீங்களே இறங்கிப் பாருங்க."

உடுத்திருந்த சாரத்தோடு இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். நான் தடுக்குமுன் என் நாலு வயது மகள் ஸம்ஹா அவர் பக்கத்தில் குதித்துவிட்டாள். கத்தினேன். அவள் எழுந்து நின்று சிரித்தாள். அவளுக்கும் இடுப்பளவுதான்.

மர்ஸூக் நானா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். உச்சமுனைப் பக்கம் தோணி கவிழ்ந்து மவுத்தான அவருடைய மகனுக்கும் நாலு வயதுதான்.

"உடைச்சிட்டுத் திரும்பக் கட்டித் தாறேன்," என்றார்.

"ஒண்டும் உடைக்க வேணாம் நானா."

"அப்ப, நாளைக்கு என்ட பொஞ்சாதியக் கூட்டிக்கிட்டு வரட்டா? மகன் போனதுக்குப் பிறகு அவ தண்ணிக்குக் கிட்டவே போறதில்ல."

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார். பிறகு கையை விட்டுவிட்டு ஆறடிப் பக்கம் வரை தனியாக நடந்தார்.

"இவ்வளவு தண்ணிதானா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன்.

அவர் இடுப்பைச் சுற்றித் தண்ணீர் மெல்ல அலைந்தது. பக்கத்தில், மர்ஸூக் நானா முதல் நாள் தடாகச் சுவரோடு சாத்திவிட்டு எடுக்க மறந்த கம்பு, ஆறடிக் கோடு வரை மூழ்கி நின்றது.