எந்த போனிலும் திறக்கும்

திண்டிவனம் ஸ்டுடியோவில் சவுரிராயன் தன் போனை நீட்டினார்.

"எம் பொண்ணுக்கு அனுப்பின படம் தெறக்கலயாம் தம்பி. அவ அம்மா படம். ரொம்ப வருசம் கழிச்சு கெடச்ச எங்க கல்யாண சிடியிலேர்ந்து எடுத்தது. இவளப் பெத்ததும் அவ செத்துப் போய்ட்டா. பொண்ணு அம்மா மூஞ்சியே பாத்ததில்ல."

ஸ்டுடியோக்காரன் செல்வகுமார் வாங்கிப் பார்த்தான். "பழைய டிஃப் ஃபைலுங்க. ஜேபிஜியா மாத்திட்டா எந்த போன்லயும் தெறக்கும்."

மாற்றி, அவர் போனிலேயே ஏற்றி அனுப்பினான். மேலே மகளின் கடைசிச் செய்தி இருந்தது: 'அப்பா, ஜல்தி மாத்தி அனுப்பு.'

ஒற்றை டிக்கிலேயே நின்றது.

"அவங்க போன் ஆஃப்ல இருக்குது. ஆன் பண்ணச் சொல்லுங்க."

"ஆசையா வாங்கின போனாச்சேன்னு, போன மாசம் பெட்டியில அவ கையிலயே வெச்சுப் பொதச்சிட்டோம் தம்பி" என்றார் சவுரிராயன். "அங்க அம்மாவ அடையாளம் தெரியாம தேடிக்கினு இருப்பாளே."