வேறு பச்சை

வீட்டுக்கு ஒரு கட்டமாக எக்செல் தாள் போட்டு வைத்திருந்தார் குடியிருப்புச் சங்கச் செயலாளர் சபேசன். ஆள் இருக்கும் வீடு பச்சை, பூட்டிக் கிடக்கும் வீடு வெள்ளை. பச்சையை மட்டும் எண்ணிச் சொல்ல மூன்றாம் மாடி ரெஜினா ஒரு ஃபங்ஷன் எழுதிக் கொடுத்திருந்தாள். அது நாற்பத்து மூன்று என்றது. தீபாவளிக்கு அத்தனை இனிப்புப் பெட்டிகள் வாங்கி, வீடுவீடாகக் கொடுத்து முடித்துத் தன் வாசலுக்கு வந்தபோது அவர் கை காலியாக இருந்தது. திரையில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். நாற்பத்து நான்கு. தாளை ரெஜினாவுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டார்.

“உங்க வீட்டுப் பச்சை வேற பச்சை அங்கிள். கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும், ஃபங்ஷன் சேர்த்துக்காது. நடுவுல எப்பவாவது மாத்துனீங்களா?”

மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் வீடு பூட்டியிருந்தது. அப்போது வெள்ளையாக்கினார். தனியாகத் திரும்பி வந்த அன்று அவரே மறுபடியும் பச்சை அடித்தார்.

“ஆமாம்மா,” என்றார்.

“பக்கத்து வீட்டுப் பச்சையை எடுத்து அதுல அடிச்சிருங்க. சேர்ந்துடும்.”

சபேசன் இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போது அவர் கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது.