ஷேர் பண்ணுங்க

திருச்சி விமானத்தில் இயந்திரக் கோளாறு என்று சிங்கப்பூரில் காலையிலிருந்து உட்கார வைத்திருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் சிரிப்பு மாறாமல், காத்திருங்கள் என்றாள்.

ஆத்மநாதன் நார்த்தாமலைக்குப் போன் போட்டான்.

"அக்கா, ஆத்தா எப்படி இருக்கு?"

"அப்படியேதான்டா இருக்கு. நீ வந்துரு."

"அங்கிட்டு என்ன ஒரே சத்தமா கேக்குது?"

"பாக்க வந்தவங்கடா."

"ஆத்தாகிட்ட போனக் குடு, ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."

"பேச விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு." அக்கா வைத்துவிட்டாள்.

ஆத்திரம் தாங்காமல் கவுண்டர் முன்னால் நின்று வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டான். "எங்க ஆத்தா மொகத்தப் பாக்கப் போகணும். காலையிலேருந்து பிளேன் கெளம்பல. எப்பன்னு கேட்டா பதில் இல்ல. எல்லாரும் ஷேர் பண்ணுங்க."

யார் யாரோ பகிர்ந்தார்கள். விமானக் கம்பெனியே வந்து, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதியது. அதற்குக் கீழே, ஊரில் பக்கத்து வீட்டுச் சந்தோஷ்குமார் ஆறுதல் சொல்லியிருந்தான்.

"பதறாத மாப்ள. ஃப்ரீசர் பாக்ஸ் நாளை வரைக்கும் சொல்லியாச்சு. நீ வந்த பிறகுதான் எடுப்போம். நிதானமா வா."