இதுகூடவா தெரியாது?

"மேடம், ஃபங்ஷன் எழுதியாச்சு. தப்புன்னும் வரலை, விடையும் வரலை. ஏன்?"

பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி சொல்லித்தரும் வகுப்பே கொல்லென்று சிரித்தது. கேட்டவர் பஸ் டிரைவர், வயது ஐம்பத்தைந்து. இரண்டாம் நாளே ஒரு பெண் நின்றுபோய்க் காலியான கடைசி இருக்கையில், வேலைச் சட்டையோடு வந்து உட்காருகிறவர். கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டார். கையில் கொண்டுவரும் துண்டுச் சீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பார், பதிலை எழுதிக்கொள்வார்.

"எழுதி வெச்சா போதுமா? கீழே அதோட பேரைப் போட்டுக் கூப்பிட்டாத்தானே ஓடும்! பைத்தான் படிக்க வந்துட்டு இதுகூடவா தெரியாது?" என்றாள் ஆசிரியை.

மறுபடி சிரிப்பு. அவரும் கூடச் சிரித்துவைத்தார்.

"அப்புறம், கிளாஸுக்குள்ள எழுதற ஃபங்ஷன்ல எல்லாம் முதல்ல 'செல்ஃப்'னு போடறோமே, அது எதுக்கு மேடம்?"

"கிளாஸ்ங்கற ஒரே அச்சை வெச்சுப் பத்து பஸ் உண்டாக்கறோம்னு வைங்க. எந்த பஸ்ஸுக்கு பிரேக் போடணும்னு ஃபங்ஷனுக்குத் தெரிய வேண்டாமா? 'இந்த பஸ்ஸுக்கு'ன்னு காட்டறதுதான் செல்ஃப்."

"ஆஹா! அப்படியே இன்னொரு தரம் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

வகுப்பு முடிந்ததும் ஆசிரியைக்கு மனசு உறுத்தியது. அப்பா வயசுக்காரரிடம் போய் 'இதுகூடவா தெரியாது?' என்று கேட்டுவிட்டோமே. அந்த வார்த்தையை விட்டொழிக்க வேண்டும் என்று எத்தனை முறை நினைத்திருப்பாள்! வாய் கேட்டால்தானே? ஓடிப்போய் மாடிப்படியில் அவரை நிறுத்தினாள்.

"சார், மன்னிச்சிடுங்க. எல்லார் முன்னாடியும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நிஜமா, இந்த வகுப்புலயே யோசிச்சுக் கேக்கறது நீங்க ஒருத்தர்தான். அடுத்த மாசப் பரீட்சையை நீங்க கட்டாயம் எழுதணும்."

"நான் எங்க மேடம்? எனக்கு இதுல ஒரு வரிகூடப் புரியாது."

சீட்டை நீட்டினார். முத்து முத்தாக, ஒரு சின்னப் பெண்ணின் கையெழுத்து.

"கேள்வியெல்லாம் என் பொண்ணோடது. பதிலைக் கொண்டுபோய்க் குடுத்தா, வீட்டுல போட்டுப் பார்த்துக்குவா."

"அப்போ அவளையே வரச் சொல்லலாமே சார்?"

"வந்தாளே மேடம், ரெண்டு நாள். நான் உக்கார்ற அதே இடத்துலதான் இருந்தா. ஒரே ஒரு கேள்வி கேட்டா. நீங்க இதே வார்த்தையைச் சொன்னீங்க, எல்லாரும் சிரிச்சாங்க. குழந்தைக்குத் தாங்கலை. என்னைப் பார்த்துச் சிரிச்சா, எனக்கு என்ன ஆகிடப் போகுது?"